ஊர் விவரம் எழுத உட்காருகிறவர்களுக்கு: கண்மாய்க் கரையில் தொடங்குங்கள்

எங்கள் ஊராட்சியைப் பற்றி நான் முதன்முதலில் எழுதிய பக்கம் இப்படித் தொடங்கியது: "நாற்புறமும் பசுமையான வயல்கள் சூழ, இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் கிராமம்..." தங்கை மகள் அதைப் படித்துவிட்டு, "மாமா, பங்குனி மாசத்துல வெளிய எட்டிப் பாத்துட்டா இத எழுதுனீங்க?" என்று கேட்டாள். பங்குனியில் எங்கள் ஊரைச் சுற்றிப் பச்சையாக நிற்பது சீமைக்கருவேல் மட்டும்தான். அந்தத் தாளை மடித்து அடுப்படியில் கொடுத்துவிட்டேன்.

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரன். மானாமதுரைக்கும் இளையான்குடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊராட்சி. கிளை அஞ்சலகத்தில் 31 வருடம் வேலை. நாளைக்கு நாலைந்து மணி நேரம் தபால், மீதி நேரம் ஒன்றரை ஏக்கர் வயல். ஓய்வு பெற்றபின் ஊராட்சி விவரத்தை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்து, மூன்று முறை தப்பாக எழுதி, நாலாவது முறை ஓரளவு தேறினேன். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் தங்கள் ஊருக்கும் இதே மாதிரி எழுத வழி கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டை வாங்கி வந்து அதிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். மக்கள்தொகை, பரப்பளவு, கோயில், பள்ளி, எல்லைகள் என்று எழுதினால் எந்த ஊரின் பெயரை மேலே போட்டாலும் பொருந்தும். விவசாய ஊரைத் தண்ணீரிலிருந்து எழுத வேண்டும். தண்ணீர் எங்கே வருகிறது, யார் வயலை முதலில் தொடுகிறது, எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், யாருக்கு நல்ல நிலம், எந்தத் தெரு மேட்டில், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

கரையில் நடப்பது

எங்கள் பக்கம் ஏரியைக் கண்மாய் என்போம். கண்மாய்ப் பாசன ஊர் என்றால் இரண்டு முறை நடக்க வேண்டும். கார்த்திகையில் ஒரு முறை, தண்ணீர் இருக்கும்போது. பங்குனியில் ஒரு முறை, காய்ந்தபின். கார்த்திகையில் கரையும், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையும் தெரியும். பங்குனியில்தான் கண்மாயின் உள்பக்கமான உள்வாயில் எவ்வளவு மண் மேவியிருக்கிறது, யார் உள்ளே வந்து உழுதிருக்கிறார்கள், கருவேல் எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினால் பாதிக் கண்மாயைத்தான் எழுதுவீர்கள்.

தனியாகப் போகாதீர்கள். மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் நீர்ப்பாய்ச்சி வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊரில் எண்பதை நெருங்கும் ஒருவர் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது. ஆனால் கரையில் நின்று, "இதுக்கு நேர்கிழக்க நடுமடை, அதுல இருந்து எடது கை வாய்க்கா மேட்டுவயலுக்கு" என்று அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்த படம், வருவாய்த்துறை வரைபடத்தைவிட எனக்கு அதிகமாகப் பயன்பட்டது.

கேட்க வேண்டியவை: கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது? மேலே உள்ள கண்மாய் நிரம்பி வழிந்து ஓடும் மறுகாலா, ஆற்றுக் கால்வாயா, வெறும் மழைநீர் ஓடையா? மடை எத்தனை, ஒவ்வொன்றின் பெயர் என்ன, எந்த மடையில் எந்த வயல்? உபரி நீர் வழியும் கலுங்கைத் தண்ணீர் கடைசியாக எந்த வருடம் தாண்டியது? மறுகால் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம் மறுகால் யாருக்கு வரத்துக்காலோ அந்த ஊரோடுதான் நமக்குச் சம்பந்தமும் இருக்கும், சண்டையும் இருக்கும்.

அப்புறம் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் எங்கள் சின்னக் கண்மாய்க்கு விவரம் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். கண்மாயில் மீன் குத்தகை, கருவேல் ஏலம் இருந்தால் அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்றும் கேட்டு எழுதுங்கள். பதில் சொல்லும்போது குரல் மாறும். அதை எழுத வேண்டாம், கவனித்துக்கொண்டால் போதும்.

அதிகாரப்பூர்வ ஆயக்கட்டு ஒரு எண். உண்மையில் தண்ணீர் பாய்வது வேறு எண். "கண்மாய் பாதி நெறஞ்சா எதுவரைக்கும் பாயும்?" என்று கேட்டு, அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். அதற்கு அப்பால் உள்ளவர்கள் கடைமடைக்காரர்கள். அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். தலைமடைக்காரர் சொல்லும் ஊரும் கடைமடைக்காரர் சொல்லும் ஊரும் ஒன்றாக இருக்காது. என் முதல் மூன்று பிரதியிலும் பேசியவர்கள் எல்லாரும் தலைமடைக்காரர்கள். என் வயலும் தலைமடையில்தான் இருக்கிறது, அதனால் எனக்கு அது உறைக்கவே இல்லை.

இப்போது பதிவேடு

கரையில் நடந்தபின் ஏட்டைத் திறக்கலாம். முதல் குழப்பம் எல்லையில் வரும். நாம் "ஊர்" என்று சொல்வது ஒன்று, வருவாய் கிராமம் ஒன்று, ஊராட்சி இன்னொன்று. எங்கள் ஊராட்சியில் தாய்க்கிராமம் ஒன்று, குக்கிராமங்கள் மூன்று. அவை இரண்டு வருவாய் கிராமங்களில் பிரிந்து கிடக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராம வாரியாகக் கிடைக்கும் எண் வருவாய் கிராமத்துக்கானது. வாக்காளர் பட்டியல் ஊராட்சியின் வார்டுப்படி. ரேஷன் கடைக் கணக்கு கடைப்படி. மூன்றும் ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஒரு வாரம் உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாக்கப் பார்த்தேன், அது வீண் வேலை. மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கிருந்து, எந்த வருடம் என்று போட்டுவிடுங்கள். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்ணை இன்றைய எண் போல எழுதுகிறவர்கள் நிறைய. எங்கள் ஊரில் அந்த இடைவெளியில் ஒரு தெருவே காலியாகிவிட்டது.

எல்லைக் குழப்பம் வெறும் காகிதக் குழப்பம் இல்லை. நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வருவாய் கிராம வாரியாகக் கணக்காகிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் வந்த பணம் அந்தப் பக்கம் வராமல் போவதுண்டு. இதை ஊர் விவரத்தில் இரண்டு வரி எழுதுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்க வேண்டியவை மூன்று. 'அ' பதிவேடு: ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, யார் பெயரில், எவ்வளவு தீர்வை என்று சொல்லும். சிட்டா: ஒரு பட்டாதாரரிடம் மொத்தம் என்னென்ன நிலம் என்று சொல்லும். அடங்கல்: அந்தப் பசலியில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று சொல்லும். 'அ' பதிவேட்டையும் சிட்டாவையும் புல எண் தெரிந்தால் அரசு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பசலி என்றால் மிரளாதீர்கள். ஜூலை 1இல் தொடங்கும் வருவாய் ஆண்டுதான். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆண்டு வரும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கும் சமயத்தில் போகாதீர்கள், யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. கேட்டும் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. ஆனால் முதல் நாளே அந்த மனுவோடு போய் நின்றால் வாயால் கிடைக்கிற நூறு விஷயம் கிடைக்காமல் போகும்.

அடங்கலை அப்படியே நம்பாதீர்கள். பத்துப் புல எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். நான் பார்த்த பத்தில் மூன்றில் ஏட்டில் நெல், தரையில் கருவேல். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆயிரக்கணக்கான உட்பிரிவுகளை ஒரே ஆள் ஒரு பருவத்தில் நடந்து பார்ப்பது லேசான காரியமா? அதனால் நான் "அடங்கல்படி இவ்வளவு, நேரில் பார்த்த பத்தில் இவ்வளவு" என்று இரண்டையும் எழுதினேன்.

அளவுகள் விஷயத்தில் எச்சரிக்கை. ஏட்டில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பெரியவர்கள் குறுக்கம் என்பார்கள், மரக்கால் விதைப்பாடு என்பார்கள். குறுக்கம் ஊருக்கு ஊர் மாறும். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதிவிட்டு, "அது எத்தன சென்ட்டுய்யா?" என்று கேட்டு அதையும் பக்கத்தில் போடுங்கள். 100 சென்ட் ஒரு ஏக்கர், ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். மூட்டைக் கணக்கும் இப்படித்தான். ஓரிடத்தில் 60 கிலோ, இன்னோரிடத்தில் 75 கிலோ, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. கிலோவில் எழுதாத விளைச்சல் எண்ணை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது.

எங்கள் பகுதி ஜமீன் பகுதியாக இருந்தது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய நிலக் கதை தாலுகா அலுவலகத்தில் தேடினால் லேசில் அகப்படாது. அதற்கப்புறம் 1980களில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப் பதிவானதால் வந்த வழக்குகள் இன்னும் ஓடுகின்றன. 1980 வரை பரம்பரைக் கர்ணம்தான் கணக்கு எழுதினார். அந்தக் குடும்பத்தில் பழைய நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பயிரும் கூலியும்

பயிர்க் காலத்தைத் தமிழ் மாதத்தில் கேளுங்கள். "அக்டோபர்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் யோசிப்பார்கள். "புரட்டாசியில?" என்றால் உடனே வரும். எங்களுக்குச் சித்திரையில் கோடை உழவு, ஆவணி புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் எழும்பும், தையில் மாசியில் அறுப்பு. மிளகாய் போட்டவர்களுக்கு மாசியிலிருந்து பழம் எடுப்பு. பக்கத்து மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் கரிசலிலும் மிளகாய் போடுகிறோம், ஆனால் அந்தப் பெருமையை எங்கள் ஊர்க் கணக்கில் எழுத ஆசைப்பட்டு அழித்துவிட்டேன்.

இந்தப் பகுதியைப் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆண்களிடம் கேட்டபோது "வெதச்சா அறுக்க வேண்டியதுதான்" என்றார்கள். ஒரு அக்காவிடம் கேட்டபோதுதான் நடுவில் இரண்டு களை, ஒவ்வொன்றுக்கும் ஏக்கருக்கு இத்தனை ஆள், காலை எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்குக் கரையேறுவது, நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் களைக்கு ஆள் கிடைக்காமல் என்ன ஆகும் என்று ஒரு முழு உலகம் வந்தது. ஆண் கூலி, பெண் கூலி இரண்டையும் தனித்தனியாக, தேதியோடு எழுதுங்கள்.

சராசரி விளைச்சல் என்ன என்று கேட்காதீர்கள். யாருக்கும் சராசரி தெரியாது. மழையை நம்பியிருக்கும் பூமியில் சராசரி என்று ஒன்று விளைவதும் இல்லை. "போன அஞ்சு வருசத்துல எந்தெந்த வருசம் வீட்டுக்கு நெல் வந்துச்சு?" என்று கேளுங்கள். என்னிடம் ஒருவர் விரலை மடக்கி, இரண்டு விரலில் நிறுத்திவிட்டார். அதைத்தான் எழுதினேன்.

தொழில் விவரத்துக்குக் கணக்கெடுப்பு ஏடு ஒரு தொடக்கம்தான். அதில் விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை என்று நாலு பெட்டி. ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தால் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுந்தொழிலாளர். கரிமூட்டம் போடுகிறவர் எந்தப் பெட்டி? ஆடு வைத்திருக்கும் விதவை? திருப்பூரில் பத்து மாதமும் ஊரில் இரண்டு மாதமும் இருப்பவன்? எங்கள் ஊரில் கருவேல் வெட்டிக் கரி சுடுவது நெல்லைவிட நிச்சயமான வருமானம். ஏட்டில் அது "மற்றவை" என்று கிடக்கும்.

இந்த இடத்தில் நான் ஒரு தபால்காரனாகக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். ஒரு காலத்தில் மாதம் முதல் வாரத்தில் மணியார்டர் பையைத் திறந்தால் ஊரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று முத்திரையிலேயே தெரியும். கண்மாய் நிறையாத வருடம் மணியார்டர் கூடும். இப்போது பணம் செல்போனில் வருகிறது, யாருக்கும் தெரியாது. அதனால் வீடு வீடாகப் போய்ப் பணத்தைக் கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டார்கள். "பொங்கலுக்கு யார் யார் எங்கிருந்து வந்தாங்க?" என்று கேளுங்கள். சிங்கப்பூர், துபாய், கோயம்புத்தூர் என்று எல்லாம் வந்துவிடும்.

தெருக்கள்

இந்த அத்தியாயத்தை நழுவ விடுகிறவர்கள்தான் அதிகம். முதல் பிரதியில் நானும் "அனைத்துச் சமுதாய மக்களும் ஒற்றுமையாக வாழ்கின்றனர்" என்று எழுதியவன்தான். நீங்கள் அதை எழுதுவதற்கு முன்னால் சிலவற்றை அளந்து பாருங்கள். பொதுக் குழாயிலிருந்து ஒவ்வொரு தெருவும் எத்தனை அடி? ரேஷன் கடை எந்தத் தெருவில்? மயானம் எத்தனை, அதற்குப் பாதை உண்டா, மழையில் அந்தப் பாதை வயல் வழியாகப் போகிறதா? எந்தத் தெரு கண்மாய்க்குக் கீழே தாழ்வில் இருக்கிறது? அளவுகளை எழுதிவிட்டால் ஒற்றுமையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

தெருவின் பெயரை அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். மற்றவர்கள் வைத்த பெயரை எழுதாதீர்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக 2025இல் அறிவித்தார்கள். எங்கள் ஊரில் மற்றவர்கள் காலனி என்று சொன்ன தெருவின் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கிறது. 31 வருடம் அங்கே தபால் கொடுத்த எனக்கு அது தெரியாது.

வரலாற்றை ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள். கீழடிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் எந்த ஊரைக் கேட்டாலும் 2,600 வருடம் என்கிறார்கள். கோயிலில் கல்வெட்டு இருந்தால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் "பெரியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று எழுதினால் போதும். நிர்வாகப் பகுதியும் சுருக்கமாக: எத்தனை வார்டு, எந்த ஒன்றியம், தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருக்கிறாரா, தனி அலுவலரா என்று எழுதும் தேதியில் உள்ளபடி. கடன், வழக்கு, நோய், செல்போன் எண் இவை எதையும் யார் பெயரோடும் எழுதக்கூடாது. அவர்களே சொன்னாலும் கூடாது.

எல்லா எண்ணுக்கும் தேதி போடச் சொல்லி நான் தொந்தரவு செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைச் சொந்த ஊருக்குப் போய் விவரம் எழுதி வரச் சொன்னார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் உள்ள இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்த மாணவன் வருடத்தோடு எழுதி வைத்திருந்ததால்தான் அவர்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

வாசித்துக் காட்டுவது

எழுதி முடித்ததும் அச்சடிக்காதீர்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் கேட்டுப் பத்து நிமிடம் வாங்குங்கள். எல்லாவற்றையும் வாசிக்க நேரம் கிடைக்காது, தண்ணீர்ப் பகுதியை மட்டும் வாசியுங்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது, அதனால் திருத்தம் அங்கேதான் வரும்.

நான் மே 1இல் வாசித்தேன். நான் மடை மூன்று என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கடைமடை வீட்டு அம்மா எழுந்து, "நாலுண்ணே. கெழக்கோரத்து மடய மண்ணு மூடிருச்சுன்னா இல்லன்னு ஆயிருமா?" என்றார். சபை முடிந்ததும் ஏழெட்டுப் பேராக மண்வெட்டியோடு போனோம். முழங்கால் ஆழம் தோண்டியபின் கல் தட்டுப்பட்டது. இப்போது என் ஏட்டில் மடை நாலு, அதில் ஒன்று தூர்ந்தது, பார்த்த தேதி பசலி 1434, சித்திரை என்று இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று ஊர்ப்புற நூலகத்தில், இன்னொன்று ரேஷன் கடைப் பெஞ்சில். ஓரத்தில் எழுத இடம் விட்டு, ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இதுவரை பென்சில் இரண்டு முறை காணாமல் போயிருக்கிறது, திருத்தம் பதினேழு வந்திருக்கிறது.